கழுதைமுதுகுக்கு ஏற்ற பூட்ஸ்

"அந்தப் பூட்ஸை நான் உனக்கு விக்க மாட்டேன்" என்றாள் ஜோலீன்.

கெண்ட்ரா அதைக் கையிலிருந்து விடவில்லை. கடையிலேயே தடிமனான பூட்ஸ் அது. முழங்கால் வரை வரும். பூஜ்யத்துக்கு நூறு டிகிரி கீழே போனாலும் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது.

"ஏன்?"

"அது ஏரிக்கு. பனிக்கட்டியில ஓட்டை போட்டு, கூடாரத்துக்குள்ள நாற்காலியப் போட்டு, பீர் குடிச்சுக்கிட்டே மீன் பிடிக்கிறானுங்களே, அவனுங்களுக்கு. நீ இதப் போட்டுக்கிட்டு கழுதைமுதுகு மலையில ஏறுனா பாதி வழியிலயே உன் காலு வேர்வ சூப்புல கெடக்கும். மேல போய் உக்காந்ததும் அந்த சூப்பு உறையும்."

"கடைக்காரி பேசற பேச்சா இது?"

"கடைக்காரி இல்லடி, நாத்தனார் பேசறேன். கடைக்காரின்னா இந்நேரம் ரெண்டு ஜோடி உன் தலையில கட்டியிருப்பேன்."

ஜோலீன், கெண்ட்ராவின் கணவன் டாரலின் அக்கா. தீவனக் கடை அவளுடையது. குதிரைத் தீவனம், மாட்டுக்கு உப்புக்கட்டி, வேலிக்கம்பி, ஆணி எல்லாம் கிடைக்கும். குளிர்காலம் வந்தால் ஒரு சுவர் முழுக்க பூட்ஸ் ஏறிவிடும். கெண்ட்ரா சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். மதிய இடைவேளையில் லாரியை வாசலில் நிறுத்திவிட்டு வந்திருந்தாள். மறுநாள் வியாழன், நன்றித் திருநாள். ஞாயிறு மாலை இருட்டியதும் மொன்டானாவில் இந்த வருடத்து எல்க் மான் வேட்டை முடிந்துவிடும்.

வழக்கமாக டாரல்தான் மானைக் கொண்டுவருவான். செப்டம்பரில் அவனுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. காபிக் கெட்டிலுக்கு மேல் கனமான எதையும் தூக்கக்கூடாது. வீட்டு ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலங்களும் கோடையில் பறித்த ஹக்கிள்பெர்ரிப் பழமும் மட்டும் கிடந்தன. ஒரு பெட்டை எல்க்குக்கான வேட்டை அனுமதிச் சீட்டு கெண்ட்ராவின் பெயரில் இருந்தது. சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் சுட வேண்டும்.

சுடுவது அவளுக்குப் பயமில்லை. கால்தான் பயம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, இதே கழுதைமுதுகு மலையில், அவள் ஒரு நல்ல பூட்ஸைத்தான் போட்டிருந்தாள். குளிர் அதிகம் என்று உள்ளே இன்னொரு கம்பளிக் காலுறையையும் சேர்த்து மாட்டிக்கொண்டாள். பூட்ஸ் இறுகியது. வெப்பத்தைப் பிடித்துவைப்பது கம்பளி இல்லை. கம்பளி இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்று. இறுக்கினால் காற்றும் போய்விடும், ரத்தமும் வராது. இதெல்லாம் பின்னால் டாக்டர் சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கால் வலித்தது, பிறகு வலி நின்றது என்பதுதான். நின்றபோது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

டாரல் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மலைக்குப் போகிறவர் தன்னுடைய மாற்றுக் காலுறையைத் தன் பையில் வைக்கமாட்டார். கூட வருகிறவர் பையில்தான் இருக்கும். ஓடையில் விழுகிறவனின் பையும் சேர்ந்துதானே நனையும் என்று டாரலின் அப்பா காலத்தில் ஏற்பட்டது. நல்ல வழக்கம்தான். ஆனால் காலுறை வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்க வேண்டும். அன்றைக்கு மான் விழுந்து கிடந்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. டாரலும் ஜோலீனும் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். கெண்ட்ரா மானின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டால் இரண்டு கத்தியும் நிற்கும். அவள் கேட்கவில்லை.

பிக்கப் வண்டிக்கு வந்து பூட்ஸைக் கழற்றியபோது இடது காலில் இரண்டு விரல்கள் மெழுகு மாதிரி இருந்தன. பிப்ரவரியில் கறுத்த தோல் உரிந்து புதுத்தோல் வந்தது.

"வலிக்கிற வரைக்கும் உனக்கு நல்லது" என்றார் டாக்டர். "வலி நின்னுட்டா அப்படியே நில்லு. இன்னொரு தடவ உறைஞ்சா அந்த ரெண்டு விரலும் என் கையில இல்ல."

அதற்குப் பிறகு அவள் மலை ஏறவில்லை.

"சரி, நீயே சொல்லு. எது?" என்றாள் கெண்ட்ரா.

"எத்தன வருஷமா சொல்றேன். என் வெள்ள பூட்ஸ் மாதிரி ஒண்ணு வாங்கிக்கோ. ராணுவத்துக்குச் செஞ்சது. ரப்பருக்குள்ள காத்து. தண்ணிக்குள்ள நின்னாலும் காலு சுடும்."

"அதப் போட்டுக்கிட்டு நீ நடந்தா வாத்து சந்தைக்குப் போற மாதிரி இருக்கு."

"வாத்துக்குக் காலு உறைஞ்சு பாத்திருக்கியா?"

"பாறையில ஏறியும் பாத்ததில்ல. போன வருஷம் நீ உக்காந்தே சறுக்கிக்கிட்டு வந்தியாமே, டாரல் சொன்னான்."

"அவன் வாய..." என்று ஜோலீன் ஆரம்பித்தாள். வாடிக்கையாளர் ஒருவர் கதவைத் திறந்ததால் மீதியை விழுங்கிவிட்டாள்.

கெண்ட்ரா சுவர் முன்னால் நின்று யோசித்தாள். பனி தள்ளும் லாரியில் தனியாக நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவளுக்கு யோசிக்கும் பழக்கம் நிறைய உண்டு. ஏறும்போது கால் வியர்க்கும். மேலே உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வியர்வை குளிரும். ஏறுவதற்கு மெல்லியது வேண்டும், உட்காருவதற்குத் தடித்தது வேண்டும். பனிக்கு அடியில் உருளும் கற்கள், அதனால் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். விரல்களை மட்டும் பிடிக்கக்கூடாது. இத்தனையும் ஒரே பூட்ஸில் இல்லை. ஆனால் உள்ளே இருப்பதைக் கழற்றி மாற்ற முடிந்தால்?

கீழ்த்தட்டின் மூலையிலிருந்து ஒன்றை எடுத்தாள். பாதம் வரை ரப்பர், மேலே தோல், முழங்காலுக்குப் பாதி வரை கயிறு. அடிப்பாகத்தில் ஆழமான பற்கள். உள்ளே தனியாக உருவி எடுக்கக்கூடிய கம்பளி உள்ளுறை.

"இதுல ஒரு அளவு பெருசு குடு. உள்ளுறை தனியா இன்னொரு ஜோடி."

ஜோலீன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மூலையில கெடந்தத எப்படிடி கண்டுபுடிச்ச? அத யாரும் வாங்க மாட்டேங்கறானுங்க. பெட்டியில கொம்பு வச்ச மான் படம் இல்லயாம்."

அளவு பார்ப்பது ஜோலீனிடம் சாதாரணமாக முடியாது. காலை முன்னால் தள்ளச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னால் தன் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் போனது. பிறகு கடைக்குப் பின்னால் சரக்கு இறக்கும் சரிவுக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு ஆட்டுத் தீவன மூட்டையை அவள் தோளில் ஏற்றினாள்.

"எல்க்கோட தொடைன்னு நெனச்சுக்கோ. ஏறு. குதிகால் எழும்புதா?"

"கொஞ்சம்."

"கணுக்கால்ல மட்டும் இறுக்கிக் கட்டு. விரல் பக்கம் தளர்த்தி விடு. ம், இறங்கு. விரல் முன்னால முட்டுதா?"

"இல்ல."

"மறுபடி ஏறு."

கீழே பிக்கப்பில் வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பண்ணைக்காரர், "என்ன ஜோலீன், சம்பளம் குடுக்காம ஆள் புடிச்சுட்டியா?" என்று கத்தினார்.

"உன்னவிட வேகமா தூக்கறா. நீயும் ஒரு மூட்டைய வச்சுக்கிட்டு ஏறேன், பாப்போம்!"

கெண்ட்ராவுக்கு முகம் சிவந்தது. ஆனால் விரல்கள் முட்டவில்லை. ரப்பருக்குள் பத்து விரல்களையும் அசைத்துப் பார்த்தாள். அசைந்தன. ஜோலீன் அந்த அசைவைப் பார்க்க முடியாதுதான், ஆனாலும் பார்த்த மாதிரி தலையாட்டினாள்.

நன்றித் திருநாள் விருந்து கெண்ட்ராவின் வீட்டில்தான். வான்கோழியை ஜோலீன் சமைத்துக் கொண்டுவந்திருந்தாள். சாப்பிடுவதற்கு முன்னால் ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும், எதற்கு நன்றி என்று. டாரல் தன் முதுகை அறுத்துத் தைத்த டாக்டருக்கும், பிறகு முட்டுக்கொடுத்த தலையணைக்கும் நன்றி சொன்னான். ஜோலீன் கடைக்கு, கடையின் கூரைக்கு, கூரையை இன்னும் உடைக்காத பனிக்கு, தன்னைவிட்டுப் போன முன்னாள் கணவனுக்கு என்று நீட்டிக்கொண்டே போனாள். மசித்த உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது.

எல்லோரும் கெண்ட்ராவைப் பார்த்தார்கள். அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. எப்போதும் இருக்கும். அது தொண்டையில் வந்து நின்றுகொள்ளும்.

"வான்கோழிக்கு" என்றாள்.

டாரல் மேசையைத் தட்டிச் சிரித்தான். "பன்னெண்டு வருஷமா அதே வான்கோழி!"

"விடுடா. வான்கோழிக்காவது நன்றி கெடச்சுது. நான் சமைச்சேன், எனக்கு ஒரு வார்த்த இல்ல" என்றாள் ஜோலீன். பிறகு மூன்றாவது தடவை உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டாள். "புது வருஷத்துலேருந்து வயித்தக் குறைக்கப் போறேன். யாரும் பேசக்கூடாது" என்றாள்.

"யாரும் பேசலையே" என்றான் டாரல். "அது உனக்கு முன்னாடியே மேசைக்கு வந்து உக்காந்துக்குது, நாங்க என்ன பேசறது?"

வெள்ளிக்கிழமை கெண்ட்ரா பூட்ஸைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறி இறங்கினாள். நன்றாக வியர்த்தது. மாலையில் உள்ளுறைகளை உருவி நாற்காலி முதுகில் காயப்போட்டாள். விறகு அடுப்பு எட்டாத தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது. காலையில் சீக்கிரம் எழ வேண்டும் என்று படுக்கப் போனாள்.

டாரல் படுக்கவில்லை. படுத்தால் முதுகு வலிக்கும், உட்கார்ந்தாலும் வலிக்கும். இத்தனை வருடமும் சனிக்கிழமை காலையில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு இப்போது செய்ய ஒன்றுமில்லை. சாண்ட்விச் செய்து பொட்டலம் கட்டினான். ஃப்ளாஸ்கைக் கழுவினான். ஈர உள்ளுறைகளைத் தொட்டுப் பார்த்தான். அவற்றை எடுத்து அடுப்புக்கு மேலே இருந்த இரும்புத் தட்டில் வைத்துவிட்டு, இன்னும் இரண்டு கட்டை விறகு போட்டான்.

விடிவதற்கு முன்னால் அவன் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றான்.

"போட்டுப் பாரு. சூடா இருக்கு."

கெண்ட்ரா காலை நுழைத்தாள். ரொட்டி அடுப்புக்குள் கால் வைத்த மாதிரி இருந்தது. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முதுகில் பட்டை கட்டிக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்து, பெரிதாகச் சிரித்துக்கொண்டு. பூட்ஸ் கொஞ்சம் பிடித்தது. கடையில் இப்படிப் பிடிக்கவில்லை. இன்று போட்ட காலுறை தடிமனோ என்று நினைத்தாள். நடந்தால் தளர்ந்துவிடும் என்றும் நினைத்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

ஜோலீன் பிக்கப்பில் காத்திருந்தாள். வெள்ளை பூட்ஸ், ஆரஞ்சுச் சட்டை. கெண்ட்ராவின் மாற்று உள்ளுறைகளை வாங்கித் தன் கோட்டுக்குள் வயிற்றோடு சேர்த்துச் செருகிக்கொண்டாள்.

"ஆறு மாசம் மாதிரி இருக்கு" என்றாள் கெண்ட்ரா.

"வாயில்லாத பூச்சிக்கு இப்ப மட்டும் வாய் வருது. ஏறு வண்டியில."

கழுதைமுதுகின் அடிவாரத்தில் முழங்காலளவு பனி. மேலே போகப் போக காற்று வாரிக்கொண்டு போனதில் பனி குறைந்து கற்கள் தெரிந்தன. கெண்ட்ராவின் பூட்ஸ் பற்கள் கற்களை நன்றாகக் கவ்வின. கணுக்கால் ஆடவில்லை. ஜோலீன் இரண்டு இடத்தில் வழுக்கி, இரண்டு தடவையும் பூட்ஸைத் திட்டாமல் மலையைத் திட்டினாள். முகட்டுக்குக் கீழே, ஃபிர் மரங்களின் ஓரத்தில் எல்க் தடங்கள் தெரிந்தன. புதியவை. குளம்பு அழுத்திய இடத்தில் பனி இன்னும் உடையாத விளிம்போடு இருந்தது.

"கூட்டமா போயிருக்கு" என்று ஜோலீன் கிசுகிசுத்தாள். "அந்தச் சரிவுக்குப் பின்னாலதான் மேயும். இன்னும் கொஞ்ச தூரம். காத்தும் நமக்குச் சாதகம், நம்ம வாசன அங்க போகாது."

கெண்ட்ரா தலையாட்டினாள். வெகு நேரமாகவே இடது கால் வலித்துக்கொண்டிருந்தது. பூட்ஸ் தளரவில்லை. ஏறும்போது கால் வீங்கி இன்னும் இறுகியிருந்தது. விரல்களை அசைக்கப் பார்த்தாள். அசைந்ததா இல்லையா என்று தெரியவில்லை. வலிக்கிற வரைக்கும் நல்லது என்று சொல்லிக்கொண்டே தடங்களின் பின்னால் நடந்தாள்.

பிறகு வலி நின்றது.

ஒரு அடி எடுத்து வைத்தபோது வலித்தது, அடுத்த அடியில் இல்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சத்தமில்லாமல் நின்றதுபோல. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே அமைதியைத்தான் அவள் நிம்மதி என்று நினைத்தாள்.

முன்னால் ஜோலீன் குனிந்து, மெதுவாக, ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தாள். அத்தனை பெரிய உடம்பு அத்தனை மெதுவாகப் போவதைப் பார்க்கவே அழகாக இருந்தது. சரிவு கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம். சுட்டுவிட்டு மாற்றிக்கொள்ளலாம். நாளை ஒருநாள்தான் மிச்சம். இப்போது கூப்பிட்டால் மான்கள் ஓடிவிடலாம். ஃப்ரீசரில் பட்டாணி.

தொண்டையில் ஏதோ வந்து நின்றது. கெண்ட்ரா அதைத் தள்ளினாள்.

"ஜோலீன்."

திரும்பவில்லை.

"ஜோலீன், என் விரல் எனக்குத் தெரியல."

ஜோலீன் திரும்பினாள். தடங்களை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நேராக வந்து அவள் தோளைப் பிடித்து, விழுந்து கிடந்த மரத்தின்மேல் உட்காரவைத்தாள். "எந்தக் காலு? ரெண்டுமா? எப்பலேருந்து?"

"இப்பதான். இடது."

"இப்பதான்னா இப்பதானா, இல்ல உன் பாஷையில இப்பதானா?"

"நிஜமாவே இப்பதான்."

கயிற்றை அவிழ்த்துப் பூட்ஸை இழுத்தாள். வரவில்லை. ஜோலீன் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பின்னால் பனியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளுறையை உருவி வெளியே போட்டாள். காலுறையைக் கழற்றினாள். இரண்டு விரல்களும் வெளுத்திருந்தன. அழுத்திப் பார்த்தாள். அமுங்கியது.

"மெத்துன்னு இருக்கு. உறையல. வெறும் சில்லுதான். ரெண்டு காலையும் குடு."

வலது பூட்ஸையும் காலுறையையும் கழற்றிவிட்டு, தன் முதுகுப்பையைப் பனியில் போட்டு அதன்மேல் மல்லாந்து படுத்தாள். கோட்டைத் திறந்து, சட்டையைத் தூக்கி, கெண்ட்ராவின் இரண்டு வெறும் பாதங்களையும் தன் வயிற்றில் வைத்துக் கோட்டை மூடினாள். அடுத்து ஜோலீனின் வாயிலிருந்து கிசுகிசுப்பாக வந்த வசவுகளில் பாதியை கெண்ட்ரா அதுவரை கேட்டதே இல்லை.

"இந்த மலை, உன் பூட்ஸ், அத வித்தவ..."

"வித்தவ நீதான்."

"தெரியுது. வாய மூடு. என்ன காலுடி இது, ஃப்ரீசர்லேருந்து எடுத்த மீனு!"

ஜோலீனின் வயிறு பெரியது, மெத்தென்றது, நம்ப முடியாத அளவு சூடானது. கெண்ட்ராவுக்கு முதலில் வலது காலில் அந்தச் சூடு தெரிந்தது. இடது காலில் ஒன்றும் தெரியவில்லை. காத்திருந்தாள். துப்பாக்கி அவள் இடப்பக்கத்தில், மரத்தின்மேல் வைத்திருந்த அவளுடைய பையின்மேல் சாய்ந்திருந்தது. காற்று முகத்தில் அடித்தது. பனியில் கிடந்த உள்ளுறையைப் பார்த்தாள். அது வாங்கியபோது இருந்ததைவிடச் சிறியதாக, கட்டியாக, ஓரம் சுருண்டு இருந்தது. சூடா இருக்கு என்று டாரல் சொன்னது நினைவு வந்தது. ஈரக் கம்பளி அடுப்புச் சூட்டில் சுருங்கியிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

இடது கட்டைவிரலில் ஒரு ஊசி குத்தியது. பிறகு பக்கத்து விரலில்.

"வலிக்குது" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. "ஜோலீன், வலிக்குது!"

"நல்லா வலிக்கட்டும். சத்தம் மட்டும்..."

ஜோலீன் நிறுத்தினாள். அவள் கண்கள் கெண்ட்ராவின் இடது தோளைத் தாண்டி எதையோ பார்த்தன. உதடு மட்டும் அசைந்தது. "மெதுவா. இடப்பக்கம்."

கெண்ட்ரா தலையைத் திருப்பினாள். சரிவுக்குப் பின்னால் போன கூட்டம் எதையோ கண்டு மிரண்டு திரும்பியிருக்க வேண்டும். மரங்களின் இடைவெளியில், கீழே, நூற்றைம்பது கெஜத்துக்குள், பெட்டை எல்க் ஒன்று பக்கவாட்டில் நின்று காதைத் திருப்பிக்கொண்டிருந்தது. பின்னால் மண்மேடு. ஜோலீன் இந்தப் பக்கம், மான் அந்தப் பக்கம்.

இடுப்புக்கு மேல் மட்டும் திரும்பி, துப்பாக்கியைப் பையின்மேல் கிடத்தினாள். பாதங்கள் கோட்டுக்குள்ளேயே இருந்தன. குறி ஏறியது, இறங்கியது, ஏறியது.

"மூச்சு விடாத" என்று கிசுகிசுத்தாள்.

"ரெண்டு ஐஸ் கட்டிய வயித்துல வச்சுட்டு மூச்சு விடாதங்கறா" என்று கிசுகிசுத்தாள் ஜோலீன். ஆனால் நிறுத்தினாள். இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, கன்னங்களை உப்பி, வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

வயிறு நின்றது. குறி நின்றது. கெண்ட்ரா சுட்டாள்.

மான் இரண்டு எட்டு எடுத்துவைத்து மடங்கி விழுந்தது. மற்றவை மரங்களுக்குள் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. கெண்ட்ரா அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு காத்திருந்தாள். அது எழவில்லை.

"இப்ப மூச்சு விடலாமா?" என்றாள் ஜோலீன்.

கோட்டுக்குள் வயிற்றோடு கிடந்த மாற்று உள்ளுறைகள் ஈரமில்லாமல், வெதுவெதுப்பாக இருந்தன. அதைப் போட்டதும் பூட்ஸ் கடையில் இருந்த மாதிரியே இருந்தது. முன்னால் இடம் இருந்தது. விரல்கள் அசைந்தன. மானிடம் போனதும் கெண்ட்ரா கையுறையைக் கழற்றிவிட்டு அதன் கழுத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள். கத்தியை எடுப்பதற்கு முன் அவர்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், எதுவும் பேசமாட்டார்கள்.

இறக்குவதற்குப் பக்கத்துப் பண்ணையிலிருந்து இரண்டு பேர் சறுக்குத் தட்டோடு ஏறி வந்தார்கள். வழி முழுக்க அவளுக்கு இடது கால் வலித்தது. ஒவ்வொரு கல்லிலும் வலித்தது. அந்த இரண்டு விரல்களும் இருக்கின்றன என்று ஒவ்வொரு அடியிலும் சொல்லிக்கொண்டு வந்தன. இவ்வளவு நல்ல வலியை அவள் அனுபவித்ததே இல்லை.

டாரல் வாசல் படியில் நின்றுகொண்டிருந்தான். பிக்கப்பின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தான். பெரிய மூச்சாக விட்டான்.

"பூட்ஸ் எப்படி?" என்று கேட்டான்.

ஜோலீன் சட்டென்று மானைக் கட்டியிருந்த கயிற்றை ஆராயத் தொடங்கினாள். வாழ்க்கையில் அவள் வாய் மூடிய மிகச் சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

கெண்ட்ரா ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தாள். அவன் முகம் அப்படி இருந்தது. உள்ளே போய்ச் சமையலறை மேசைமேல் சுருங்கிய உள்ளுறை ஒன்றையும் மாற்று உள்ளுறை ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று மற்றதைவிட ஒன்றரை விரற்கடை குட்டை.

அவன் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"நானா?"

"ம்."

"காலு?"

"மரத்துப்போச்சு. ஜோலீன்கிட்ட சொன்னேன். அவ வயித்துல வச்சு சூடு பண்ணா. இப்ப சரி."

"காலையில போட்டப்பவே பிடிச்சிருக்குமே. ஏன் சொல்லல?"

"நீ சிரிச்சுக்கிட்டு நின்ன."

டாரல் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான். "காமி" என்றான். அவனால் குனிய முடியாது. அதனால் அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி மேசைமேல், காபிக் கோப்பைகளுக்கு நடுவில் வைக்க வேண்டியிருந்தது. அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தான். எல்லாம் ரோஸ் நிறத்தில் இருந்தன. அந்த இரண்டும்கூட.

"சாப்பிடற மேசைடா அது!" என்று வாசலிலிருந்து ஜோலீன் கத்தினாள்.

"நீ பேசாத. அது இன்னிக்கு உன் வயித்துல இருந்துச்சாமே" என்றான் டாரல். அவன் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. காலை அவன் விடவில்லை.

ஞாயிறு மாலை வேட்டைக்காலம் முடிந்த நேரத்தில் எல்க்கின் இதயத்தை மெல்லியதாக வெட்டி, வெண்ணெயில் வெங்காயத்தோடு வதக்கினார்கள். தட்டுகள் வந்ததும் ஜோலீன் முள்கரண்டியால் கோப்பையைத் தட்டினாள்.

"நில்லுங்க. வியாழக்கிழமை நடந்தது செல்லாது. இது புதுச் சாப்பாடு, புதுசா சொல்லணும். கெண்ட்ரா, நீ முதல்ல. இன்னிக்கு வான்கோழி இல்ல, என்ன பண்ணுவ?"

கெண்ட்ரா தட்டைப் பார்த்தாள்.

"ஜோலீன் வயித்துக்கு" என்றாள்.

டாரல் குடித்துக்கொண்டிருந்ததைத் துப்பிவிட்டான். ஜோலீன் எழுந்தே நின்றுவிட்டாள். "கேட்டியாடா? எத்தன வருஷமா கிண்டல் பண்ணியிருப்ப! இனி யாராவது குறைக்கச் சொல்லிப் பாருங்க. இது மீட்புக் கருவி!"

"உக்காரு, இன்னும் முடியல" என்றாள் கெண்ட்ரா.

ஜோலீன் உட்கார்ந்தாள். இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் சிவந்தது. ஆனால் தொண்டையில் எதுவும் நிற்கவில்லை.

"நேத்து காலையில, இருட்டுல, பூட்ஸுக்குள்ள கால வச்சப்ப சூடா இருந்துச்சு. ராத்திரி முழுக்க முழிச்சிருந்து வச்சிருக்க. அந்த மாதிரி ஒருத்தரும் எனக்குச் செஞ்சதில்ல. அதுக்கும்." கொஞ்சம் யோசித்தாள். "மறுபடி செய்யாத. ஆனா அதுக்கும்."

டாரல் முள்கரண்டியைக் கீழே வைத்தான். ஜோலீன் வாணலியிலிருந்து பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து கெண்ட்ராவின் தட்டில் வைத்தாள்.

அடுப்புப் பக்கம் நாற்காலி முதுகில் நல்ல ஜோடி உள்ளுறை காய்ந்துகொண்டிருந்தது. டாரல் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். மெல்ல நடந்து போய் நாற்காலியை இன்னும் ஒரு அடி பின்னால் தள்ளினான். நின்று பார்த்தான். பிறகு மறுபடியும் ஒரு அடி.

"இப்படியே தள்ளிக்கிட்டே போனா ஃப்ரீசருக்குள்ளதான் காயப்போடணும்" என்றாள் ஜோலீன்.

"இப்ப அங்க ஏது இடம்?" என்றான் டாரல்.